ரங்கூன் தமிழர் துப்பாக்கி விநோத சபை

பசிக்குச் சுடுகிறவன் வேடன். பகைக்குச் சுடுகிறவன் கொலைகாரன். பொழுது போகாமல் சுடுகிறவன் எவனோ அவனே நாகரிக மனிதன். உலகத்து ஞானிகள் ஒருவருக்கும் தோன்றாத இந்த உண்மை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் சித்திரை மாதம், ரங்கூனில் ஓர் அரிசி ஆலையின் தலைமைக் குமாஸ்தா சபாபதிக்குத் தோன்றியது. தோன்றிய சமயத்தில் அவர் கையில் ஒரு மனு இருந்தது. மனு தண்ணீர்க் குழாயைப் பற்றியது.

கொண்டுவந்தவள் காளியம்மா. போட்டாதாங் பேட்டை ஆற்றங்கரையில், ஆலையின் கூலி லயனில் குடியிருப்பவள். மூட்டைகளிலிருந்து சிந்தும் நெல்லைக் கூட்டி அள்ளுவது அவள் வேலை. லயனில் இருநூறு பேர் இருந்தார்கள், குழாய் இல்லை. நல்ல தண்ணீருக்கு அரை மைல் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் ஆற்றைக் குடித்தார்கள். போன மழைக்கு வாந்திபேதி வந்து நாலு பேரைக் கொண்டுபோனது, அதில் ஒருவன் அவள் புருஷன். இரண்டு பெண்கள் மிச்சம். அடுத்த மழைக்குள் குழாய் வந்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

"நீங்க தமிழர் சங்கத்துக் காரியதரிசி. நீங்க இங்கிலீசுல நாலு வரி எழுதினா தொரை கேப்பாரு, சாமி."

சபாபதியின் மனம் இளகியது. ஆனால் இளகிய மனத்தோடு மனு எழுதுவது நிர்வாக முறையாகாது. அன்று மாலையே பபேடான் கடைத்தெருவில், ஜவுளிக்கடை தண்டபாணியின் மாடியில் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"கனவான்களே, துரை நம் மனுவை எதற்காக மதிக்க வேண்டும்? சனிக்கிழமை சாயங்காலம் துரைகள் புல்வெளியில் நின்று காலி பாட்டில்களைச் சுடுகிறார்கள். நான் பைலோடு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே ஒருவர் கேட்டதை இன்னொருவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆகவே முதலில் நாம் சுட வேண்டும். பிறகு கேட்க வேண்டும்."

"யாரைச் சுடணும்?" என்றார் பொருளாளர் தண்டபாணி, கொஞ்சம் ஆவலாகவே.

"யாரையும் இல்லை. விநோதத்துக்கு."

இவ்விதமாகத் துப்பாக்கி விநோத சபை பிறந்தது. காளியம்மாவின் மனு அதன் தீர்மானத்தோடு 'இணைப்பு ஆ' என்று குண்டூசியால் குத்தப்பட்டது.

எந்தத் துப்பாக்கி என்பதற்கு மூன்று கூட்டங்கள் பிடித்தன. சாதாரணத் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும் என்று தெரிந்ததும் அங்கத்தினர்கள் முகம் சுளித்தார்கள். "இழுக்கிறது, தள்ளுறதெல்லாம் லயன் ஆளுங்க வேலை இல்லியா?" என்று தண்டபாணி வருத்தப்பட்டார். தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிதான் வேண்டும், கனவான் ஒரு விரலை மட்டும் அசைத்தால் போதும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

துப்பாக்கி வியாபாரி பீர் முகைதீன் விலைப்பட்டியலைப் புரட்டி ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"நீங்க தேடுறது இதுதான் சார். பின்கட்டைக்குள்ள நீளமா ஒரு குழாய். பத்துத் தோட்டாவ வரிசையா உள்ள விட்டுரணும். ஒண்ணு வெடிச்சா அடுத்தது தானா வந்து உக்காந்துக்கும். சின்னத் தோட்டா, விளிம்புல தட்டுனாலே வெடிக்கும்."

"புலி சாகுமா?"

"புலி சிரிக்கும் சார். பால் டப்பா சாகும்."

பால் டப்பாவே சபைக்குப் போதுமானது. சாமான் கப்பலில் வர வேண்டும் என்றார் முகைதீன். 'குழாய் விஷயம் முன்னேற்றத்தில் உள்ளது' என்று சபாபதி மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் சபைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

லைசென்ஸ் கொடுக்கும் இடத்தில் கோ மியா என்ற பர்மியக் குமாஸ்தா இந்துஸ்தானியில் விசாரித்தார்.

"எந்த மிருகத்தைச் சுட?"

"எதையும் இல்லை."

"திருடர் பயமா?"

"இல்லை. பொழுதுபோக்கு."

கோ மியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கள் ஆபீசில் வேலை அவ்வளவு குறைவா?" என்று கேட்டுவிட்டு, 'இதர காரணங்கள்' என்ற கட்டத்தில் முத்திரை குத்தினார்.

காளியம்மா மாதம் தவறாமல் வந்தாள். "கப்பல் வந்துகொண்டிருக்கிறது" என்பார் சபாபதி. குழாய்தான் கப்பலில் வருகிறது என்று அவள் லயன் முழுக்கச் சொல்லிவைத்தாள்.

கப்பலுக்கு முன்னால் மழை வந்தது. ஆவணியில் வாந்திபேதியும் வந்தது. காளியம்மாவின் சின்ன மகள் போய்விட்டாள். சபை இரண்டு நிமிஷம் எழுந்து நின்று அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே வாரம் துப்பாக்கி வந்து சேர்ந்ததால் துக்கம் நீடிக்கவில்லை. அன்று சபாபதிக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் இறங்கியது.

அடுத்தாற்போல் சரஸ்வதி பூஜை. ஆயுதம் என்று ஒன்று வாங்கிவிட்டு ஆயுத பூஜைக்கு வைக்காமல் இருப்பதா? படி, தராசு, கணக்கு நோட்டோடு துப்பாக்கியையும் வைத்தார்கள். தண்டபாணி எதையும் மேலோட்டமாகச் செய்கிறவர் அல்ல. "வெளியில பொட்டு வச்சா என்ன பிரயோசனம்? சக்தி பூரா குழாய்க்குள்ளல்ல இருக்கு" என்று குழைத்த சந்தனத்தை உள்ளே வழிய வழிய விட்டார். தோட்டாக்களுக்கும் ஒவ்வொன்றாகக் குங்குமம் இட்டு உள்ளே இறக்கினார்.

விஜயதசமியன்று லயனுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் தொடக்க விழா. ஆலைத் துரையே தலைமை வகித்தார். சபாபதி விசையை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். துரை துப்பாக்கியை வாங்கிக் குழாயை உருவினார். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "தண்ணீர்!" என்றார்.

தண்ணீருக்கு எங்கே போவது? கூட்டத்தின் ஓரத்தில் காளியம்மா அப்போதுதான் அரை மைல் நடந்து கொண்டுவந்த குடத்தோடு நின்றாள். சபாபதி தாமே ஓடிப்போய் வாங்கினார். குடம் முழுதும் கொட்டி, குழாயைக் கழுவித் துடைத்து, புதுத் தோட்டா போட்டுச் சுட்டார்கள். பால் டப்பா விழுந்தது. துரை சபாபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இங்கே தண்ணீரே கிடையாதா, சபாபதி?"

தீர்மானத்தோடு குத்திய மனு சபாபதியின் சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் வாயைத் திறந்தார். துரை பிடித்துக் குலுக்கிய கை இன்னும் சூடாக இருந்தது. இந்த மங்கள வேளையில் செத்த கூலிகளைப் பற்றிப் பேசுவது நாகரிகமா என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"துப்பாக்கியைக் கழுவத்தான் சற்றுச் சிரமம், துரை."

துரை நல்லவர். பதினைந்தே நாளில் குழாய் வந்துவிட்டது! சிமெண்டு மேடை, பித்தளைத் திருகு, பூட்டு எல்லாம் வைத்து, 'துப்பாக்கி சுத்தம் செய்வதற்கு மட்டும்' என்று பலகையும் மாட்டினார்கள். சாவி காரியதரிசியிடம். கழுவும் நாட்களில் மேடையிலிருந்து வழியும் தண்ணீரை லயன் ஆட்கள் பிடித்துக்கொள்ளலாம் என்று சபாபதி இரக்கப்பட்டு ஒரு விதியும் சேர்த்தார். அடுத்த மழைக்கு எட்டு மாதம் இருக்கும்போதே குழாய் வந்துவிட்டதாக ஆண்டறிக்கையில் எழுதினார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் காளியம்மா அவர் வாசலில் குடத்தோடு வந்து நின்றாள்.

"பெரியவளுக்கு விடியக்காலத்துலேர்ந்து வயித்தால போவுது, சாமி. அரை மைல் போயி வரிசையில நிக்க நேரமில்ல. இன்னிக்கித் துப்பாக்கி கழுவுவீங்களா?"

"நேத்துத்தானே கழுவினோம்? சுட்டால்தான் அழுக்காகும். சுடாத துப்பாக்கியைக் கழுவ விதியில் இடமில்லையே, அம்மா."

காளியம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்ப இன்னிக்கே சுடுங்க, சாமி. டப்பா இல்லாட்டி நான் போயி நிக்கிறேன்."