கஷாயம் தண்ணீர்க் கணக்கில் வராது

உலக மருத்துவ வரலாற்றை யாராவது நேர்மையாக எழுத உட்கார்ந்தால், மானாம்பதி மூலிகை மருத்துவ வளர்ச்சிக் கழகத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்காமல் எழுந்திருக்க முடியாது. கழகத்தின் செயலாளர் நான். எனவே தன்னடக்கத்தோடு இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

1984-ல் எங்களுக்கு ஒரு டயாலிசிஸ் நோயாளி கிடைத்தார். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேதாசலத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரம் இரண்டு தடவை மெட்ராஸ் போய், ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு வருவார். குடிக்கிற நீர் வெளியேற அதை விட்டால் வழி இல்லை. நாளைக்கு இரண்டு டம்ளர்தான், மீறினால் மூச்சு அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இவருடைய 'வாழ்க்கைத் தரத்தை' உயர்த்துவது என்று கழகம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அவரைக் கேட்கவில்லை, அவர் உறுப்பினர் இல்லை. தலைவர் தாண்டவராயன் நெருஞ்சிலும் சிறுபீளையும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தைத் தினமும் ஒரு செம்பு தாமே எடுத்துப் போனார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்கிற வழக்கமும் இல்லை.

வேதாசலத்தின் மனைவி ராணியம்மாள் மட்டும் டாக்டர் சொன்ன அளவை நினைவுபடுத்தினாள்.

"தண்ணி வேற, கஷாயம் வேறம்மா," என்றார் தலைவர். "நான் இன்னா தண்ணியா குடுக்கறேன்? மருந்து குடுக்கறேன்."

இந்த விஞ்ஞான விளக்கம் அவளுக்கு எட்டவில்லை. புருஷனுக்கு மூச்சு அடைத்துவிடுமோ என்று பயந்து, குடிக்க வேறு எதுவும் கொடுக்காமல் நிறுத்திவிட்டாள். அப்படியும் தலைவர் வீட்டுச் செம்பு இரண்டு டம்ளரை விடப் பெரியது.

பலன் உடனே தெரிந்தது. முகம் பூரித்தது. கால்கள் திரண்டன. அரிசி மில் தராசில் ஏற்றி நிறுத்தோம். மெட்ராஸ் போய் வந்த நாலே நாளில் நாலு கிலோ கூடியிருந்தார். நாங்கள் பாடுபட்டு ஏற்றியதையெல்லாம் மெட்ராசில் வற்றடித்து அனுப்பினார்கள். பொறாமை எந்தத் துறையில்தான் இல்லை?

பாராட்டு விழாவை வேதாசலத்தின் வீட்டு வாசலிலேயே நடத்தினோம். அவரால் நடக்க முடியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ராணியம்மாள் காப்பி கொடுத்தாள். தலைவர் கஷாயத்தின் பெருமையைப் பேசி முடித்து நோயாளியின் பக்கம் திரும்பினார்.

"இப்போ உன் வாழ்க்கைத் தரம் எப்டி கீதுன்னு சபைக்கு சொல்லு, வேதாசலம்."

வேதாசலத்துக்கு மூச்சு வாங்கியது. எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரு ரெண்டு டம்ளர்னு சொன்னப்போ, அதுல ஒண்ண காலைல காப்பியா வாங்கி வச்சிக்கினு, வெயில் ஏர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிக்கினு இருப்பேன். வாழ்க்கைன்னு எனக்கு மிச்சம் இருந்தது அவ்ளோதாங்க. அத்தையும் நீங்க புடுங்கிக்கினீங்க."

நோயாளி பேசி முடித்ததும் கைதட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினோம்.