நர்ஸ் கொலைகாரி ஆன கதை

டாக்டர் கையில் கத்தி. முகத்தில் காது வரை இளிப்பு. அவர் வாயிலிருந்து கிளம்பிய குமிழிக்குள், "ஐயோ, என்னை விட்டுடுங்க, எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு" என்று அச்சாகியிருந்தது.

எதிரே கட்டிலோடு கட்டப்பட்டு அழுதுகொண்டிருந்த நர்ஸோ, "இனிமே உனக்குத் தூக்கமே கிடையாது" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

அச்சான புத்தகத்தைப் பிரித்துவைத்து டீ குடித்துக்கொண்டிருந்த குமிழி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

குமிழி என்பது அவருடைய இயற்பெயரல்ல. மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளில் திகில் ரகத்தைத் தமிழில் போடும் அந்தப் பதிப்பகத்தில், பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்தை நிரப்புவது அவர் வேலை. வேலையே பெயராகி ஒட்டிக்கொண்டது. அவரிடம் பக்கங்கள் வரும்போது குமிழிகள் எல்லாம் வெள்ளையாக்கப்பட்டுக் காலியாக இருக்கும். தமிழ் வசனம் தனியாக எண் போட்டு வரும். வலது மூலையிலிருந்து இடது பக்கமாக எண் வரிசையில் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். மங்காவைப் படிப்பதே அப்படித்தான்.

'தூங்கா வார்டு' முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை நிரப்பிய அன்று அவருக்குக் கடைவாய்ப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தமிழ் படிக்கும் பழக்கதோஷத்தில், இடமிருந்து வலமாக நிரப்பித் தொலைத்துவிட்டார். புத்தகம் அச்சாகிக் கடைகளுக்கும் போய்விட்டது.

"என்ன குமிழி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி கடந்து போனார்.

"பல்லு சார்."

முதலாளியிடம் சொல்ல முடியாது. புத்தக அட்டைகளில் 'மூலத்துக்கு முழு விசுவாசம்' என்று தங்க எழுத்தில் போட்டுக்கொள்கிறவர் அவர். ஒரு ஆச்சரியக்குறியைச் சொந்தமாகச் சேர்த்ததற்காக, குமிழிக்கு முன்னால் இருந்தவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியவர். இந்த வயதில் வேலை போனால் குமிழிக்கு வேறு எந்தக் கதவும் திறக்காது. காலிக் குமிழியை நிரப்பத் தெரியும் என்று சொன்னால் எந்த அலுவலகத்தில் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்?

அடுத்த வாரம் தொலைபேசி அடித்தது. குமிழி எடுத்தார். பேசியது ஒரு வாசகர்.

"சார், நர்ஸ்தான் கொலைகாரின்னு நான் நினைக்கவே இல்ல! டாக்டர் பயத்துல சிரிக்கறார், அப்படித்தானே? தன்னைக் காப்பாத்திக்கத்தான் கத்தி வெச்சிருக்கார். என்னா மனோதத்துவம் சார்!"

"ஆமாமா. ரொம்ப ஆழமா எழுதியிருக்காங்க" என்றார் குமிழி.

அன்று முழுக்க அதே மாதிரி அழைப்புகள். புத்தகம் தீர்ந்துபோய் மறுபடி அச்சடித்தார்கள். ஆனால் குமிழி நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் இரண்டாம் பாகத்தின் வசனம் வந்து சேர்ந்தது. அதில் டாக்டர் மறுபடியும் ஊசியைத் தூக்கிக்கொண்டு மிரட்டினார். இதை ஒழுங்காக நிரப்பினால், முதல் பாகத்தில் செய்த தப்பு பல்லை இளித்துவிடும்.

வேறு வழியில்லை. இந்த முறை தெரிந்தே மாற்றி நிரப்பினார்.

புத்தகம் வெளிவந்த மறுநாள், மொழிபெயர்ப்பாளர் குமிழியின் மேசைக்கு வந்து நின்றார். 'ஜப்பான் மேடம்' என்று பெயர் வாங்கிய அவரைக் கண்டால் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பயம். அதிகம் பேசமாட்டார். பழுப்பு அட்டை போட்ட ஒரு தடித்த அகராதியை எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பார். யாராவது கிட்டே போனால் அதைப் பட்டென்று மூடிவிடுவார். இதுவரை அவர் குமிழியின் மேசைப் பக்கம் வந்ததே இல்லை.

"நர்ஸ் பேசறதெல்லாம் படிச்சேன்" என்றார்.

"அப்படியா மேடம்?"

"உங்களுக்கு ஜப்பானிய மொழி ஏதாவது வருமோ?"

வராது என்றால், அப்புறம் ஏன் மாற்றினாய் என்று கேட்பார். "ஏதோ, பார்த்துப் பார்த்துப் பழகினது" என்று சமாளித்தார்.

மேடத்தின் முகம் வெளுத்துப்போனது. அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் அகராதியை மூடினார்.

கண்டுபிடித்துவிட்டாள் என்று குமிழி முடிவு கட்டினார். அன்றிலிருந்து அந்த அலுவலகமே அவருக்குத் தூங்கா வார்டாகிவிட்டது. மேடம் தண்ணீர் குடித்தால் தன்னைப் பார்த்துக்கொண்டே குடிப்பதாகப் பட்டது. முதலாளி அறைக்குள் மேடம் போனால், வெளியே வரும்வரை இவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்தால் மேடம் எழுந்தார். இவர் எட்டிப் பார்த்தால் அங்கிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்தவரை மனைவி உலுக்கி எழுப்பினாள்.

"யாருங்க அந்த நர்ஸு?"

"எந்த நர்ஸு?"

"தூக்கத்துல கும்புடாத குறையா மன்னிப்புக் கேட்டீங்களே. 'உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேம்மா'ன்னு."

"அவ வெறும் படம்டி."

"படம் வேற எடுத்து வெச்சிருக்கீங்களா?"

இரண்டு நாள் வீட்டில் அடுப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாம் நாள் 'தூங்கா வார்டு' இரண்டு பாகங்களையும் கொண்டுவந்து காட்டிக் கதறியபிறகுதான் அவள் நம்பினாள். நம்பியவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "பேசாம போய் உண்மையைச் சொல்லிடுங்க. திட்டுவாங்க, அவ்வளவுதானே?"

"வேலையே போயிடும்."

"இப்படியே போனா புத்தியே போயிடும். வேலை போனா வேற தேடிக்கலாம்."

குமிழிக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் பாகம் வந்ததும், கை பழகிப்போன வேகத்தில், என்ன ஏதென்று படிக்காமலே வசனத்தை மாற்றி மாற்றி நிரப்பி அனுப்பிவிட்டார். அச்சான புத்தகத்தைப் பிரித்தவருக்குத் தலை சுற்றியது. டாக்டர் மறுபடி கொலைகாரன் ஆகியிருந்தார். நர்ஸ் பரம சாதுவாக அழுதுகொண்டிருந்தாள்.

அவசரமாக மேடத்தின் வசனத்தை எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை மேடமே நர்ஸைக் கொலைகாரியாக எழுதியிருந்தார்.

பொறி வைத்திருக்கிறாள்! நான் மாற்றுகிறேனா இல்லையா என்று பார்க்க வேண்டுமென்றே திருப்பி எழுதிக் கொடுத்திருக்கிறாள். நானும் எலி மாதிரி நேராகப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டேன்.

வாசகர்களோ தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். "ஒரே கொலைவெறி ரெண்டு உடம்புல மாறி மாறிப் புகுது சார்! இப்படி ஒரு கதை வந்ததே இல்ல!"

அந்தப் புகழ்தான் கடைசியில் வம்பாய் வந்து நின்றது. முதலாளி ஒரு காலை இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி.

"நம்ம தமிழ்ப் பதிப்பு ஜப்பான்ல இருக்கறதைவிட அதிகமா பேசப்படுதாம். காரணம் என்னன்னு பார்க்க அங்கேயிருந்து ஆள் வர்றார். தமிழ் தெரிஞ்சவராம். பக்கம் பக்கமா மூலத்தோட ஒத்துப் பார்க்கப் போறாராம்."

மேடம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மேடம் வாயைத் திறப்பதற்குள் தானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று குமிழிக்குத் தோன்றியது. மனைவியின் முகத்தை ஒரு கணம் நினைத்துக்கொண்டார்.

"சார், எல்லாம் நான் செஞ்ச வேலை. பல்வலியில டாக்டர் வசனத்தை நர்ஸுக்குப் போட்டுட்டேன். அதை மறைக்கப் போயி மறுபடி மறுபடி மாத்தினேன். மேடம் மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க மூலத்துல இருந்ததைத்தான் எழுதினாங்க."

சொல்லி முடித்ததும் மாதக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை இறங்கின மாதிரி இருந்தது. முதலாளியின் மலர்ச்சி அப்படியே உறைந்துபோனது.

"மூலத்தையா கெடுத்தீங்க? என் பதிப்பகத்துல உட்கார்ந்துக்கிட்டு?"

அலமாரியிலிருந்து ஜப்பானியப் புத்தகத்தை உருவி எடுத்து, டாக்டர் கத்தியோடு நிற்கும் பக்கத்தைப் பிரித்து மேடத்தின் முன்னால் வைத்தார். டாக்டரின் பேச்சுக் குமிழியைக் காட்டினார்.

"மேடம், மூலத்துல இந்த இடத்துல என்ன இருக்குன்னு வாய்விட்டுப் படிங்க. இந்த ஆள் கேட்கட்டும். கேட்டுட்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பட்டும்."

மேடம் பக்கத்தைப் பார்த்தார். குமிழியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"எனக்கு ஜப்பானிய மொழியில ஒரு எழுத்துகூடத் தெரியாது சார். படத்தைப் பார்த்து நானா கதை எழுதறேன். மூலத்தைப் படிச்சு அதைத் திருத்தறவர் இவர்தான்னு இல்ல இத்தனை நாளா பயந்துக்கிட்டிருந்தேன்!"