இருநூற்றாறு எலும்புகளும் சுகம்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் இருநூற்றாறு எலும்புகளும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அவருடைய முழங்காலும் சுகமா? போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன இரண்டு வார்த்தைக்குப் பதில் இது. போனிலேயே பேசினால் மறுபடியும் அதையே சொல்லிவிடுவாயோ என்று பயந்து கடிதமாக எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. வாங்கிய அன்றே கீழ்வீட்டு டீச்சர் வழிமறித்து, "அறுபத்தோரு வயசுல இதெல்லாம் தேவையா சார்?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. எக்ஸ்ரே அறையில் முப்பத்துமூன்று வருஷம் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதைத் தவிர யாரிடமும் வேறெதுவும் பேசாதவன் நான், அதையே எனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டு, "தேவையில்லைதான் டீச்சர். தேவையானதெல்லாம் வாங்கி முடிச்சாச்சு" என்றேன். அப்புறம் மருந்துக்கடைக்காரர், "ஆயுசு பூரா உடைஞ்ச எலும்பையே படம் புடிச்சும் உங்களுக்குப் புத்தி வரலையே!" என்று பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கால் மணி நேரம் திட்டினார். "குளியலறையில வழுக்கி விழுந்து வந்தவங்கதான் அண்ணே அதிகம். அதுக்காக நான் குளிக்கிறதை நிறுத்தலையே" என்றேன். மாப்பிள்ளை போன் போட்டு விபத்துச் செய்திகளாக நாற்பது நிமிஷம் வாசித்தார். உம் கொட்டிக்கொண்டே கேட்டேன். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் ஒரு குரல் நாற்பது நிமிஷம் விடாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்படி எல்லோருக்கும் நிதானமாகப் பதில் சொல்லிச் சொல்லி ஜெயித்துவிட்டேன் அக்கா. அதுதான் வந்த வினை. டீச்சர் இப்போ தலையை ஆட்டிட்டுப் போயிடறாங்க. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மாத்திரையை எடுத்து நீட்டிடறார். மாப்பிள்ளை போன்ல ஒரு கட்டைவிரல் படம் அனுப்பறதோட சரி. மிச்சம் இருந்தது நீ ஒருத்தி. வாராவாரம் "சொன்னா கேக்கறியாடா தறுதலை"ன்னு நீ ஆரம்பிச்சா, தட்டுல சாப்பாடு ஆறிப்போறதுகூடத் தெரியாது. அப்பேர்ப்பட்ட நீயே "உன் இஷ்டம்"னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டே. அன்னைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடலை. அப்படியெல்லாம் கைகழுவி விட்டுடாதே அக்கா. நேத்து கொட்டற மழையில ஓட்டினேன். முந்தாநாள் ஒரு லாரியை முந்தினேன். ஹெல்மெட் வாரைக்கூட மாட்டலை. திட்டறதுக்கு இவ்வளவு இருக்கு! அடுத்த மாதம் முதல் வாரம் அதிலேயே உன் வீட்டுக்கு வருவதாக இருக்கிறேன். தடுப்பதென்றால் உடனே போன் செய்.

அத்தானை முழங்காலை அசைக்காமல் இருக்கச் சொல். மூத்தவளாக நின்று என்னை ஆசீர்வாதம் செய். மனசு வராவிட்டால் வாயில் வந்தபடி திட்டு.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத தம்பி

பி.கு.: வண்டி ஓடி நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது. மழை, லாரி எல்லாம் புளுகு. வாங்கிய இரண்டாம் வாரமே ஒரு திருப்பத்தில் கால் நடுங்கிப்போய், தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினதுதான், பேட்டரியும் செத்துவிட்டது. யாராவது ஏதாவது கேட்பார்களென்று தினமும் காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படி இறங்குகிறேன். கேட்காவிட்டால் அதோடேயே பஸ் ஏறிவிடுகிறேன். உன் வீட்டுக்கும் பஸ்ஸில்தான் வருவேன். ஆனால் வாசலில் ஹெல்மெட்டோடுதான் நிற்பேன். கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிடு. உள்ளே கூப்பிடுவது அப்புறம் இருக்கட்டும்.