கால் நொடி பிந்திய தபேலா

ஆரணி,
திருவருகைக் காலம், இரண்டாம் வாரம், செவ்வாய்.

இறையருளில் வளரும் தம்பி மகள் ஃப்ளோரன்சுக்குப் பெரியப்பா அடைக்கலசாமி எழுதுவது. மாட்டுக்கொட்டிலில் பிறந்த பாலனின் அமைதி உன் இல்லத்தில் கதவைத் தட்டாமலே நுழைந்து உன்னோடும் மாப்பிள்ளையோடும் தங்குவதாக. இங்கே உன் பெரியம்மா ஜாக்குலின் முழங்கால் நீங்கலாக நலம். நான் சர்க்கரை நீங்கலாக நலம்.

உன் மாணவர்களுக்காக நீ தமிழில் எழுதிய உளவியல் வரலாற்றுப் பாடங்களைப் பிழை திருத்தச் சொல்லி அனுப்பியிருந்தாய். சந்திப்பிழைகள் நாற்பத்தொன்று, சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். எஞ்சியவை உன்னுடையவையல்ல, என்னுடையவை. அவற்றை உன் பாடம் திருத்தியதற்கே இந்த நன்றி மடல். அறிவின் இருப்பிடம் இதயம் என்று ஒரு கிரேக்கரும் மூளை என்று இன்னொருவரும் வாதாடிய முதற்பாடத்தில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை; நம் பழம்புலவர்கள் நெஞ்சை எதிரே உட்கார வைத்துத் திட்டியவர்கள், அவர்களோடு பழகிய எனக்கு அது சொந்த வீடு போலிருந்தது. உள்ளத்தை அளந்து கணக்கில் அடக்க முடியாது, ஆகவே அது அறிவியல் ஆகாது என்று ஜெர்மானிய ஞானி ஒருவர் தீர்ப்பளித்த இடத்தில், ஓரத்தில் பென்சிலால் 'ஆமென்' என்று எழுதினேன். மூன்றாம் பாடத்தில் அந்த ஆமெனை நானே அழிக்க வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தின் வானாய்வுக்கூடத்தில் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன், விண்மீன் ஒரு கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறித்துவந்த உதவியாளன் ஒருவன், தலைவரைவிட முக்கால் நொடிக்குச் சற்று மேல் பிந்துகிறான் என்று வேலையை இழந்தான். பல ஆண்டுகள் கழித்து வேறொரு வானியலார், எந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை, தலைவர் உட்பட, என்று கண்டார். அந்த வேறுபாட்டை அளக்கப்போய்த்தான் உள்ளத்தை அளக்கும் வழி திறந்தது என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் பேனாவை மூடிவிட்டேன். ஏனென்றால் கடந்த குருத்து ஞாயிறு ஒத்திகையில் அதே தீர்ப்பை நான் வழங்கியிருந்தேன். முள்ளிப்பட்டில் பட்டுத்தறி நெய்யும் அருள்ராஜ் நான் நடத்தும் கோயில் பாடற்குழுவில் இருபத்திரண்டு ஆண்டுகள் தபேலா வாசித்தவன். "கால் நொடி பிந்துகிறாய், உன் தறியின் தாளத்தைக் கோயிலுக்குக் கொண்டுவராதே" என்று பதினாறு பேர் முன்னிலையில் சொன்னேன். தபேலாவைத் துணியால் மூடி வைத்துவிட்டுப் போனவன் எட்டு மாதங்களாகப் பூசைக்கே வரவில்லை. ஒரு மனிதனை ஆண்டவரின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியவன் அன்றாடம் நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தேன், மகளே.

ஆனாலும் நான் ஆசிரியனாக இருந்தவன்; சான்றின்றித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கமில்லை. எனவே வியாழக்கிழமை ஒத்திகையில் அனைவரையும் சுவர்க்கடிகாரத்தின் முன் நிறுத்தி, நொடிமுள் பன்னிரண்டைத் தொடும்போது ஒருமுறை கைதட்டுங்கள் என்றேன். கீபோர்டு வாசிக்கும் கிளமெண்டு அதைக் கைப்பேசியில் படம் பிடிக்க ஏற்பாடு. இரண்டாம் வரிசையிலிருந்து சசிகலா, "சார், இது பாட்டு பிராக்டிஸா, பி.டி. பீரியடா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் முள் வந்துவிட்டதால் முதல் முறை பாழ். பிறகு மூன்று முறை தட்டினோம். கிளமெண்டு படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினான். எல்லோர் கையும் முள் தொட்ட பிறகு, ஆளுக்கொரு சிறு இடைவெளியில் சேர்ந்தது. ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் மூன்று முறையும் முள் வருவதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. அதில் என் மோதிரம் இருந்தது. குழுவில் முதல் வரிசையில் பாடும் உன் பெரியம்மா கைப்பேசியை எட்டிப் பார்த்து, "முள்ளு இன்னும் வரவேயில்ல, அதுக்குள்ள தட்டிகினு நிக்கிறீங்க. ஊட்லயும் இப்படித்தான், குக்கர் விசில் உடறதுக்கு முன்னாடியே தட்ட எடுத்துகினு உக்காந்துடுவாரு" என்று குழுவுக்குத் தகவல் கொடுத்தாள். வராததை வந்ததாகக் கொள்ளும் ஒருவனை உன் பாடத்தில் எந்த அதிகாரத்தில் சேர்ப்பாய் என்று அறிய விரும்புகிறேன்.

மறுநாளே முள்ளிப்பட்டுக்குப் பேருந்து ஏறினேன். வாசலில் அருள்ராஜின் மனைவி அமலி முறத்தோடு நின்றிருந்தாள்.

"வாங்க சார். கரெக்டா வந்துட்டீங்க. எட்டு மாசம்தான் லேட்டு."

"அருள்ராஜ் இருக்கிறானா, அம்மா?"

"தறியில இருக்காரு. கூப்பிட்டா எழுந்து வரமாட்டாரு, பொடவக் கரையில பூ ஓடிகினு இருக்குது. வெயிட் பண்ணத் தெரியுமில்ல உங்களுக்கு?"

தறியருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். அவன் நிமிரவில்லை. இழையைச் சுமந்த நாடா இப்படியும் அப்படியும் ஓடிற்று. நான் ஆற அமரச் சொல்ல நினைத்த வானியல், கிரேக்கம் எல்லாம் அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை, "தப்பு என்னுடையது, அருள்ராஜ். நான்தான் முந்துகிறேன்" என்று மட்டும் கத்தினேன். தறி நின்றது.

"அது எனக்கு மொதல் வருசமே தெரியும் சார்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"என்னான்னு சொல்றது? நீங்க பாட்டுக்கு முன்னாடி ஓடுவீங்க. ஜனங்க மெதுவா பின்னாடி வரும். நான் நடுவுல நின்னுகினு ரெண்டு பக்கத்தையும் இஸ்துகினு இருந்தேன். அத்தப் போயி லேட்டுன்னுட்டீங்க."

அமலி டீ கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை போடவில்லை, அதை அவள் மறக்கவில்லை. பாதி டீ ஆனதும் அவன் கேட்டான்: "கிறிஸ்துமஸுக்கு என்னா பாட்டு வெச்சிருக்கீங்க?"

எனவே, மகளே, உன் துறைக்கு நான் தலைவணங்குகிறேன். மனிதன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு வழி தேடி மெய்யியலார் இரண்டாயிரம் ஆண்டுகள் அலைந்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு உன் மூன்றாம் பாடமும் ஒரு கைப்பேசியும் போதுமாக இருந்தன. என் கண்ணைத் திறந்த கருவியாக உன்னை அனுப்பிய இறைவனுக்கு நாள்தோறும் நன்றி சொல்கிறேன். உன் எழுத்து செழிக்கவும், மாப்பிள்ளைக்கு இடமாற்றம் கைகூடவும், அன்னை மரியாள் உங்கள் இருவருக்கும் துணை நிற்கவும் வேண்டுகிறேன். பெரியம்மா முத்தங்களும் எலுமிச்சை ஊறுகாயும் தனியே அனுப்புகிறாள்.

என்றும் உன் நலம் வேண்டும்,
பெரியப்பா அடைக்கலசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. அருள்ராஜ் குடும்பத்தோடு வந்து வாசித்தான். மக்கள் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்து மகிழ்ச்சியாய்ச் சிரித்தார்கள். பூசை முடிந்ததும் கிளமெண்டு என்னைத் தனியே அழைத்து, "சார், நீங்க முந்தறது நிஜம்தான். ஆனா அருள்ராஜ் அண்ணனும் லேட்டுதான். கீபோர்டு பீட்டோட வெச்சுப் பாத்துட்டேன், கால் செகண்டு, சுத்தமா" என்று கைப்பேசியைக் காட்டினான். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றான். அவன் அந்தப் பதிவை அழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். சான்றை அழிப்பது உன் துறையில் பெருங்குற்றம் என்று அறிவேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறேன். அதற்கு வேண்டிய மனஸ்தாபம், செய்ததற்கு வருந்தும் மனம்தான், இதுவரை வரவில்லை.