இரட்டை வெண்கோட்டுப் படலம்

நான்கு மணி நேரமும் பதினோரு நிமிடமும் ஓடும் கறுப்பு வெள்ளைப் படத்தை இருந்த இடம் விட்டு எழாமல் பார்த்து முடிப்பேன் என்று மாமனாருக்கு வாக்களித்த மாவீரன் வாழ்க! கடைவாய்ப்பல் பிடுங்கக் கை நடுங்காதவன், கதறும் வாய்க்குள் விரல்விட்டுக் கலங்காதவன், சொத்தைப்பற் குலத்தின் பகைவன், அவ்வீட்டின் ஒரே மருமகன், நீள்சோபாவின் இடது மூலையில் வீற்றிருந்த கதையைச் சொல்லப் புகுந்தோம். சொற்களே, தள்ளாமல் வரிசையில் வாருங்கள்.

வலது மூலையில் மாமனார். ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர். தரை முதல் கூரை வரை வட்டுகள் அடுக்கிய அலமாரிகளின் அதிபதி. வீட்டில் போட்டுப் பார்க்கும் அரிய படங்களுக்கு மாதந்தோறும் மதிப்புரை எழுதிச் சிறுபத்திரிகை வாசகரை நடுங்கவைக்கும் பேனாவேந்தர். கல்யாணமான புதிதில், "கதை எப்ப மாமா ஆரம்பிக்கும்?" என்று கேட்ட குற்றத்துக்காக மருமகனை இரண்டாண்டுகளாக 'டாக்டர்' என்றே விளித்துவந்தவர், இன்று மனமிரங்கி, மதிப்புரையில் தன் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் போட இசைந்திருந்தார்.

"வாயத் தொறக்காம உக்காந்துட்டு வா, அது போதும்," என்று மனைவி வழியனுப்பியிருந்தாள்.

ஆனால் ஊழ் யாரை விட்டது? படம் பாதியைத் தாண்டியபோது, அத்தை அன்போடு நீட்டிய மூன்று கோப்பைத் தேநீரும் ஓரணியில் திரண்டு, முரசறைந்து, வீரனின் அடிவயிற்றுக் கோட்டையை முற்றுகையிட்டன. பெருவெள்ளத்தை ஒற்றை மதகால் தடுக்கும் அணையெனத் தொடை நெருக்கினான், பல் கடித்தான், பல்லைக் கடிக்கக் கூடாதென்று ஊருக்குச் சொல்பவன் கடித்தான். முடிவில், திரையில் கிழவன் ஒருவன் மதிலோரம் ஆடாமல் நின்ற நேரம் பார்த்து, சோபா இடுக்கில் கிடந்த ரிமோட்டை அழுத்தினான். படம் நின்றது, நின்றதன் அடையாளமாய்க் கீழ்மூலையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தோன்றின. 'ஒரு நிமிஷம் மாமா' என்னும் சொல் நாநுனியில் தேரேறி நின்றது.

அதற்குள் மாமனார் கையுயர்த்தினார். "மூச்! அசையாதீங்க மாப்ள. இதுதான் ஷாட்டு!"

மாப்ள! இரண்டாண்டுத் தவத்தின் வரம்! சொல் தேரிலிருந்து இறங்கிவிட்டது.

அசையாக் கிழவனை அசையா மாமனார் நோக்க, அசைந்தால் கெட்டோம் என்றிருந்த மருமகன் இருவரையும் நோக்க, சுவர்க்கடிகாரத்தின் முள் மட்டுமே அவ்வறையில் தன் கடமையைச் செய்தது. அத்தை எட்டிப் பார்த்து, "இந்த ஆளு இன்னுமா நிக்கிறாரு? கால் வலிக்காது?" என்று கேட்டு, நான்காம் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். அப்போது வீரனின் கண்ணில் துளிர்த்ததே அன்று அவன் உடல் விடுவித்த முதல் நீர்.

மாமனாருக்கும் கண் கசிந்திருந்தது; கசிந்த கண்ணோடே கைபேசியை எடுத்து மளமளவென்று தட்டி முடித்தார்.

"கீழ் மூலையப் பாருங்க மாப்ள. ரெண்டு வெள்ளைக் கோடு. பக்கத்துல பக்கத்துல நிக்குது, ஆனா தொட்டுக்கல. ஒண்ணு அப்பன், ஒண்ணு மகன். முப்பது வருஷமா பாக்குறேன், இப்படி ஒரு துணிச்சலக் கண்டதில்ல. 'காலத்தை நிறுத்திய கலைஞன்'. இதான் தலைப்பு. இந்த ஒரு ஷாட்ட வச்சே எழுதிட்டேன், ரெண்டு பேர் பேரும் போட்டு இப்பவே அனுப்புறேன்."

வேலோங்கும் கையென அவர் கட்டைவிரல் கைபேசிமேல் உயர்ந்தது. அது இறங்கினால் நாடே சிரிக்கும். சிரிப்பெல்லாம் அந்த நரைத்த தலைமேல் விழும். தடுத்தாலோ, மாப்ள போய் டாக்டர் வருவார், இம்முறை ஆயுளுக்கும். அறம் ஒருபுறமும் ஆசை மறுபுறமும் நெஞ்சக்களத்தில் அணிவகுத்துப் பொருத, வெற்றி யார் பக்கம் என்று தெரியாத அந்த வேளையில், அடிவயிறு தன் மாபெரும் படையை அறத்தின் பக்கம் திருப்பிவிட, சிங்கம் சோம்பல் முறித்தாற்போல் அல்லாமல் முழங்கால் இரண்டும் ஒட்டியபடியே எழுந்து, மாவீரன் திருவாய் மலர்ந்தான்:

"மாமா, படத்த நிறுத்தினது நான்தான், பாத்ரூம் போகணும்."