லுவாமாவே நாட்டு நாற்காலி

குழு இல்லாமல் எங்கள் ஜொகூரில் ஒரு குண்டூசிகூடக் கீழே விழாது. ஆகவே கூலாயில் மாற்றுத்திறனாளிகளுக்கான அனைத்துலகத் திடல்தடப் போட்டி என்று முடிவானதும் வரவேற்புக் குழு, அதற்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு, பூங்கொத்துக் குழு எல்லாம் முறைப்படி பிறந்தன. வரவேற்புக் குழுச் செயலாளர் மனோகரன். மனிதருக்குச் சம்பளம் செனாய்த் தொழிற்சாலையில், உயிர் குழுக்களில்.

அவர் பொறுப்பில் வந்த நாடு லுவாமாவே. உலகப் படத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்தத் தீவு மறைந்துவிடும். அங்கிருந்து எட்டு அதிகாரிகளும் ஒரே ஒரு வீராங்கனையும் வந்திறங்கினார்கள். வீராங்கனை தெலேனா, உட்கார்ந்தபடி குண்டு எறிபவள். இங்கே ஏழு மீட்டர் தாண்டினால் உலகப் போட்டிக்குப் போகலாம். இதுதான் கடைசி வாய்ப்பு. "உங்களை எறிய வைக்கிறது என் பொறுப்பு" என்று மனோகரன் விமான நிலையத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த வருஷம் குழுக்களுக்குள் ஒரு புது நாகரிகம் பரவியிருந்தது. அதன் பெயர் 'உணர்ந்து பார்த்தல்'. பிரமுகர்கள் அனைவரும் சக்கர நாற்காலியில் உருண்டு வந்து திறப்பு விழாவைச் சிறப்பிப்பார்கள். வாடகைக்கு எடுத்ததில் ஒரு நாற்காலி குறைந்தது. குறைந்தது யாருக்கு? அரசுப் பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினர் டத்தோவுக்கே!

"அந்தத் தெலேனாகிட்ட ஒண்ணு இருக்கே லா" என்றார் குழுத் தலைவர் சுகுமாறன்.

"அது அவங்களோடது, தலைவரே. அதுலதான் அவங்க களத்துக்குப் போகணும்."

"செக்கெஜாப்தான், அஞ்சு நிமிஷம். உணர்ந்து பார்க்க வேண்டியது டத்தோ. அந்தப் பொண்ணுக்குத்தான் ஏற்கெனவே அனுபவம் இருக்கே!"

மறுக்க முடியாத வாதம். லுவாமாவே அதிகாரிகள் எட்டுப் பேரும் அவள் சார்பில் பெருமையுடன் சம்மதித்துவிட்டு, பிரமுகர் கூடாரத்தில் மின்விசிறிக்குப் பக்கமாக இடம்பிடித்தார்கள். தெலேனா பிளாஸ்டிக் நாற்காலியில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சு நிமிஷம் என்றால் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். கொம்பாங் மேளம் அடித்தார்கள், பேசினார்கள், படம் எடுத்தார்கள், பேசியவர்களையே மறுபடி படம் எடுத்தார்கள். பிறகு பிரியாணி வந்தது.

"லுவாமாவே, தெலேனா! இரண்டாவது அழைப்பு!" என்று ஒலிபெருக்கி அலறியது.

மனோகரன் கூடாரத்துக்கு ஓடினார். மடியில் பிரியாணித் தட்டும் எதிரே மூன்று கேமராவுமாக டத்தோ வீற்றிருந்தார். மனோகரன் வாயைத் திறப்பதற்குள் சுகுமாறன் அவரை ஓரமாக இழுத்தார்.

"அலமாக்! கேமரா முன்னாடி எழுந்தா, இவ்வளவு நேரம் நடிச்சாருன்னு சொல்ல மாட்டாங்களா? பத்திரிகைக்காரங்க போறவரைக்கும் டத்தோ நடக்க முடியாதவருதான்!"

மனோகரன் திரும்பி ஓடினார். "நாங்க நாலு பேர் உங்களைத் தூக்கிட்டுப் போறோம், மிஸ் தெலேனா."

"நான் அரிசி மூட்டை இல்லை, மிஸ்டர் மனோ. என் நாற்காலி எங்கே?"

மனோகரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே அறிவிப்பாளர் ரபேலிடம் போய் நின்றார்.

"தம்பி, லுவாமாவே தேசிய கீதம் இருக்கா?"

"இருக்குண்ணே. ஜெயிச்சா போடணும்னு வச்சிருக்கேன். ஆனா அவங்க இன்னும் எறியவே இல்லையே!"

"போடு லா!"

கீதம் முழங்கியது. திடல் முழுவதும் எழுந்தது. சக்கர நாற்காலிப் பிரமுகர்கள் அனைவரும் ஒரே துள்ளலில் எழுந்து விறைப்பாக நின்றார்கள். டத்தோ கையில் தட்டுடன் நின்றார். கீதம் ஒலிக்கும்போது அசையக் கூடாது. அசைந்த ஒரே ஜீவன் மனோகரன். டத்தோவுக்குப் பின்னால் போய் நாற்காலியை உருவிக்கொண்டு ஓடினார்.

அந்தப் பாட்டுக்கு ஒன்பது சரணம் என்பது தெலேனாவைத் தவிர யாருக்கும் தெரியாது. முடிந்ததா என்று தெரியாமல் யாரும் உட்காரத் துணியவில்லை. அவள் உரக்கப் பாடிக்கொண்டே களத்துக்குப் போய், எறியும் இருக்கைக்கு மாறி, வாரைக் கட்டிக்கொண்டாள்.

கீதம் முடிந்தது. டத்தோ உட்கார்ந்தார். நாற்காலி இல்லை. அன்றைய விழாவில் யாராவது எதையாவது உணர்ந்து பார்த்தார்கள் என்றால் அது அந்தக் கணத்தில்தான்.

தெலேனா எறிந்த குண்டு ஏழு மீட்டரைத் தாண்டி விழுந்தது. மனோகரன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார், அழவும் செய்தார்.

மூன்றாம் நாள் விமான நிலையத்தில் தெலேனா மின்தூக்கிக்காகக் காத்திருந்தாள். வழியனுப்ப வந்த ஊர்மக்கள் எல்லாரும் நாகரிகத்துக்கேற்பச் சக்கர நாற்காலியிலேயே வந்திருந்ததால் அதில் அவளுக்கு இடமில்லை. மனோகரன் மாலையும் கையுமாக வந்து அதை அவள் கழுத்தில் போட்டார்.

"அன்னைக்குக் கீதம் போட்ட விஷயத்தை விசாரிக்க வச்ச குழு தீர்ப்புச் சொல்லிடுச்சு. உங்க நாட்டுக் கீதத்துக்கு எழுந்து நின்ன பிரமுகர்கள் எல்லாருக்கும் கேடயம். நிற்காத ஒரே ஆள் நீங்கதான். முதல் தடவைங்கறதால மன்னிச்சாச்சு."

தெலேனா அவரை உற்றுப் பார்த்தாள். "அந்தக் குழுவுக்கு யார் செயலாளர்?"

"நான்தான்! கஷ்டப்பட்டுத்தான் இந்த மன்னிப்பையே வாங்கினேன்."

அவள் சிரித்த சிரிப்பில் மாலை ஆடியது. நன்றி சொல்கிறாள் என்று நினைத்து ஊர்மக்கள் மின்தூக்கிக்குள்ளிருந்து கைதட்டினார்கள்.

மனோகரன் குனிந்து அன்போடு சொன்னார்: "அடுத்த வருஷமும் கண்டிப்பா வாங்க. வரும்போது நாற்காலியை மட்டும் நல்லா துடைச்சுக் கொண்டு வாங்க. டத்தோவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு."