மனைவிக்குப் போட்ட உற்சாக உரை

மனைவிக்கு உற்சாகம் ஊட்டியே தீருவது என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்தபோது, அவர் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். அன்று பழுதுபார்க்கப் போனவரையே உள்ளே வைத்துக்கொண்டு லிஃப்ட் நின்றுவிட்டது. ஆள் வந்து மீட்கும்வரை படிக்கக் கிடைத்தது, சுவரில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பு மட்டும்தான். ஓய்வில்லாத தாய்மார்களுக்கான உற்சாக உரைகள். ஞாயிறுதோறும் மாலையில் தொலைக்காட்சியில். குடும்பத்தோடு கண்டு பயன்பெறுங்கள்.

போகிற வருகிற வழியில் பார்த்திருந்தால் மறந்திருப்பார். மாட்டிக்கொண்டதால் மனப்பாடம் ஆகிவிட்டது.

வீட்டு நிலவரம் அப்போது அப்படி இருந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊரே அவளிடம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கும். “மத்தவங்ககிட்ட ஊசி போட்டு எடுப்பா, என்கிட்ட ஊசியே வேண்டாம்” என்று லிஃப்ட்காரர் நண்பர்களிடம் சொல்வார், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில். ஆனால் விடியும் முன் எழுந்து சமைத்து, மகளைப் பள்ளிக்குக் கிளப்பி, இவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, பகலெல்லாம் நின்று வேலை பார்த்து, மாலையில் வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைக்கிறவள் அவள்தான். அந்த வாரம் இவருடைய டப்பாவைத் திறந்தால் உள்ளே மகளின் கலர் பென்சில்கள் இருந்தன. மறுநாள் டப்பாவில் சாப்பாடே இருந்தது. உப்புக்குப் பதில் சர்க்கரை.

அதைப் பற்றி அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள்.

“ஆய்வகத்துக்கே என்னைப் பொறுப்பா போடறோம்னு சொல்றாங்க. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

“ஏன், நல்ல விஷயம்தானே?”

“உடம்பு தாங்கணுமேங்க. ஞாயித்துக்கிழமை துணியும் பாத்திரமும் நீங்க எடுத்துக்கிட்டா, ஒருவேளை முடியும்.”

“பார்க்கலாம்” என்றார் லிஃப்ட்காரர். கணவர்கள் அகராதியில் ‘பார்க்கலாம்’ என்றால், பார்ப்பது மட்டும்தான். செய்வது அதில் சேராது.

அந்த நெருக்கடிக்குத்தான் லிஃப்ட்டுக்குள் விடை கிடைத்தது. அவளுக்கு வேண்டியது ஆள் பலம் இல்லை, மன பலம். உற்சாகம் ஏறிவிட்டால் துணியும் பாத்திரமும் அவளுக்கு ஒரு தூசு. ஊரையே மேலே தூக்கிவிடுகிறவனுக்குக் கட்டிய பெண்டாட்டியைத் தூக்கிவிடத் தெரியாதா?

ஞாயிறு மாலை தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“என்னங்க இது?”

“உனக்குத்தான். உற்சாக உரை. வந்து உட்காரு.”

“பாத்திரம் அப்படியே கிடக்கு.”

“அது எங்கே ஓடிப்போகப் போகுது?”

“ஓடாதுங்கறதுதான் என் கவலையே.”

“குடும்பத்தோட பார்க்கணுமாம். நானும் பார்க்கறேன், பாப்பாவும் பார்க்கறா.”

நோயாளியின் கையில் நரம்பைத் தேடுவது போல, மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். மறு மூலையில் காய்ந்து வந்த துணி மலை போலக் குவிந்திருந்தது. மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். குடும்பத் தலைவருக்கு மட்டும் இடமில்லை. நின்றார்.

திரையில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் வந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தபடியே வேலைக்கும் போனவராம். குரல் பஞ்சால் ஒற்றுவது போல அத்தனை மென்மை. உரை ஆரம்பித்தது. மனைவியின் தலை மெல்லச் சோபாத் தலையணை உறையில் சாய்ந்தது.

நல்லதாகப் போயிற்று என்று லிஃப்ட்காரர் ரிமோட்டை எடுத்தார். வேறொரு சேனலில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு நின்றதுதான் தாமதம்.

“ஏன் மாத்தினீங்க? கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

அவர் அவசரமாக அந்த அம்மாளையே மறுபடி வரவழைத்தார்.

“அப்பா, அம்மா தூங்கிட்டாங்க” என்று மகள் கிசுகிசுத்தாள்.

“தூங்கலை. கேக்கறாங்க.”

“வாயைத் திறந்துக்கிட்டா?”

“ஆழமா கேக்கறாங்க.”

உரை நீண்டது. லிஃப்ட்காரருக்குக் கால் கடுத்தது. உட்கார வேண்டுமென்றால் மலையைக் குடைய வேண்டும். ஒரு துண்டை எடுத்து மடித்துக் கீழே வைத்தார். இன்னொன்று. துணியைக் கண்டு பயந்த மனிதர் துணிந்துவிட்டார். அடுத்து மனைவியின் வெள்ளைச் சட்டை கையில் வந்தது. அதை எங்கே மடக்குவது என்று தெரியாமல், அட்டைப்பெட்டி மாதிரி நாலு பக்கமும் மடக்கி வைத்தார்.

ஒருவழியாக இடம் கிடைத்து உட்கார்ந்தபோதுதான் அவளைப் பக்கத்தில் பார்த்தார். கணுக்காலில், வாரமெல்லாம் போட்டிருந்த காலுறையின் பட்டை பதிந்த தடம் இன்னும் மறையவில்லை. விரல்கள் ஏதோ கண்ணாடிக் குழாயைப் பிடித்திருப்பது போல வளைந்தே இருந்தன. வெளிச்சத்தில் அவள் தூங்கி அவர் பார்த்து எவ்வளவு காலமாயிற்று? இவர் எழும்போது அவள் எழுந்துவிட்டிருப்பாள். இவர் தூங்கியபிறகுதான் அவள் படுப்பாள். இத்தனை வருஷமும் ஒரே லிஃப்ட்டில் ஒன்றாக ஏறி வந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். கயிற்றை இழுத்தது அவள் என்று இப்போது உறைத்தது.

மடித்ததில் ஒரு துண்டைப் பிரித்து அவள் காலில் போர்த்தினார்.

அப்புறம் ஒரு தேநீர் வேண்டும் போலிருந்தது. சமையலறையில் சுத்தமான கோப்பை ஒன்றுகூட இல்லை. இருந்த கோப்பையின் மேல் தட்டுகள், தட்டுகளின் மேல் சட்டி. சத்தம் கேட்டு எழுந்துவிடப் போகிறாளே என்று குழாயை நூல் போலத் திறந்துவைத்து, பூனை பால் குடிக்கிற பதமாக ஒவ்வொன்றாகக் கழுவினார். தேநீர்க் கோப்பை கைக்கு வந்தபோது மற்ற எல்லாப் பாத்திரமும் முடிந்திருந்தது. கூடத்தில் அந்த அம்மாளின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

உரை முடிந்ததும் மனைவி எழுந்து சோம்பல் முறித்தாள். சுற்றிலும் எதையும் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

“நல்ல பேச்சுங்க. மனசே லேசாயிடுச்சு. அடுத்த வாரமும் மறக்காம போடுங்க.”

அடுத்த வாரமும் போட்டார். அதற்கடுத்த வாரமும் போட்டார். உரை தொடங்கும், அவள் சாய்வாள், இவர் எழுவார். மகள் படத்தை விட்டுவிட்டுக் காலுறைகளுக்கு ஜோடி தேடினாள். கால்பந்தில் யார் ஜெயித்தார்கள் என்றுகூட லிஃப்ட்காரருக்குத் தெரியாமல் போயிற்று. அதைவிட ஆச்சரியம், தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. டப்பாவில் உப்பு உப்பாகவே வந்தது. மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வாய்க்குள் ஏதோ பாடினாள். நம் கைங்கரியம் இவளுக்குத் தெரியாதே என்று அவருக்கு உள்ளூர ஒரே பூரிப்பு.

ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

“சரின்னு சொல்லிட்டேங்க. நாளையிலிருந்து ஆய்வகம் என் பொறுப்பு.”

லிஃப்ட்காரர் கைப்பையை வாங்கி வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் நீங்க போட்ட உரைதான். ரொம்ப நன்றிங்க” என்றாள்.

அதற்குமேல் அவரால் ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

“நானும்தான் உனக்கு நன்றி சொல்லணும். ஆனா ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நீ ஒரு உரையும் கேக்கலை. நல்லா தூங்கினே. துணி, பாத்திரம் எல்லாம் நான்தான்.”

“தெரியுமே.”

“எப்படி?”

“முதல் வாரம் நான் தூங்கலை. கண்ணை மட்டும்தான் மூடிக்கிட்டிருந்தேன். நீங்க காலைப் போர்த்தினப்போ அழுகையே வந்துடுச்சு, அடக்கிக்கிட்டேன். அடுத்த வாரத்திலிருந்துதான் நம்பிக்கையா தூங்கினேன்.”



“அப்பவே எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எழுந்திருக்கத்தான் போனேன். நீங்க சமையலறைக்குப் போனதும், அந்த வெள்ளைச் சட்டையை ஒழுங்கா மடிக்கலாம்னு கையைக்கூட நீட்டிட்டேன். அதுக்குள்ள அந்தம்மா ஒரு நல்ல விஷயம் சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“வீட்டுக்காரர் தானா ஒரு வேலையை ஆரம்பிச்சா, அது பழகற வரைக்கும் கண்ணைத் திறக்காதீங்கன்னு.”